புது டிவியா, நல்ல சிக்னலா, தனி ஸ்பீக்கரா? நாற்பதாயிரம் ரூபாய்க்கான ஓர் ஒப்பீடு

ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 43 அங்குல ஃபுல் எச்டி டிவி ஹாலில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எச்டி என்று சொல்லித்தான் வாங்கினார்கள். ஆனால் கடையில் கண்ட தெளிவு வீட்டில் ஒருநாளும் வந்ததில்லை. வசனம் புரியட்டும் என்று ஒலியைக் கூட்டினால் அடுத்து வரும் சண்டைக் காட்சியோ விளம்பரமோ அலறுகிறது. குறைத்தால் பேசுவது எதுவும் காதில் விழுவதில்லை. கையில் ஏறக்குறைய 40,000 ரூபாய் இருக்கிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், பழையதைக் கொடுத்துவிட்டுப் பெரிய 4கே டிவி ஒன்றை வாங்கிவிடலாம் என்பதுதான் இத்தகைய வீடுகளில் முதலில் தோன்றும் யோசனை.

இதே பணத்துக்கு வேறு வழிகளும் உண்டு. டிவிக்குள் வரும் சிக்னலை மேம்படுத்தலாம். இருக்கும் டிவியின் அமைப்புகளைச் சரிசெய்யலாம். ஒலிக்கென்று தனிக் கருவி வாங்கலாம். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிக்னலும் அமைப்புகளும் முதலில், ஒலி அடுத்து, டிவி கடைசியில். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. அதனால்தான் பெரிய தொகை செலவழித்த பிறகும் மனக்குறை தீராமல் இருக்கிறது.

திரைக்கு வந்து சேருவது எது?

நம் நாட்டின் சாதாரண எஸ்டி (ஸ்டாண்டர்ட் டெஃபனிஷன்) சேனலின் படம் அதிகபட்சம் 720 x 576 புள்ளிகளால் ஆனது. மொத்தம் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி திரையில் இருப்பவை 20.7 லட்சம். 4கே திரையிலோ 82.9 லட்சம். அதாவது எஸ்டி சேனலை 4கே டிவியில் போட்டால், வந்த ஒவ்வொரு புள்ளியையும் வைத்து டிவி 20 புள்ளிகளை நிரப்ப வேண்டியிருக்கிறது. அவற்றில் 19 அது தானே ஊகித்துப் போடுபவை. சிறிய திரையில் மறைந்திருந்த குறைகள் பெரிய திரையில் விரிந்து தெரிவதற்கு இதுவே காரணம். எஸ்டி கேபிள் இணைப்பை வைத்துக்கொண்டு 55 அங்குல 4கே டிவிக்கு மாறியவர்கள் பழைய டிவியே பரவாயில்லை என்று சொல்வது மிகையன்று. அவர்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது.

ஆகவே, வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் எஸ்டியா எச்டியா என்பதே முதல் கேள்வி. எச்டி பாக்ஸுக்கு மாற ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாயும், எச்டி சேனல்களுக்கு மாதந்தோறும் சற்றுக் கூடுதல் கட்டணமும் ஆகும். 40,000 ரூபாயில் இது மிகச் சிறிய பங்கு. ஆனால் தினமும் நான்கைந்து மணி நேரம் சேனல் பார்க்கும் வீட்டில் இந்தச் சிறு தொகை தரும் முன்னேற்றத்தை வேறெந்தச் செலவும் தராது.

எச்டி பாக்ஸ் இருந்தும் எஸ்டி படமே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் உறவினர் ஒருவர் வீட்டில், எச்டி சந்தா கட்டி, சேனல் பெயரோடு எச்டி என்ற குறியும் திரையில் வந்துகொண்டிருந்தது. படம் மட்டும் கலங்கலாக இருந்தது. டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோது பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி ஒயர் வந்துகொண்டிருந்தது. பழைய டிவியோடு இருந்த ஒயரையே இணைப்பு கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஏவி ஒயரின் மஞ்சள் முனை எஸ்டி தரத்துக்கு மேல் எதையும் கடத்தாது. எச்டிஎம்ஐ கேபிளை மாட்டிய உடனே செய்தி வாசிப்பவரின் புடவைக் கரையில் இருந்த ஜரிகை வேலைப்பாடு தனித்தனி இழையாகத் தெரிந்தது. சில நூறு ரூபாய் கேபிள் செய்த வேலை அது. கேபிளை மாற்றியதோடு, பாக்ஸின் மெனுவுக்குள் சென்று வெளியீட்டுத் தரம் '1080i' என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சில பாக்ஸ்களில் அது 576 என்றே விடப்பட்டிருக்கும்.

எச்டிஎம்ஐ கேபிளில் ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. அதில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் மோசமாக இருந்தால் திரையில் வெள்ளைப் பொறிகள் தெறிக்கும், அல்லது படம் விட்டுவிட்டு வரும். நிறம் கொஞ்சம் மங்குவது, தெளிவு கொஞ்சம் குறைவது போன்றவை கேபிளால் நிகழ்வதில்லை. விலை உயர்ந்த கேபிள் நிறத்தை மேம்படுத்தும் என்று கடைக்காரர் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். ஃபுல் எச்டிக்குச் சாதாரணக் கேபிளே போதும். 4கே படத்தை நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் எடுத்துவரத்தான் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' சான்றிதழ் கொண்ட கேபிளும், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம் போனால் கூடுதல் கவனமும் தேவை.

கேபிள் இணைப்பு, டிடிஎச், ஓடிடி ஆகிய மூன்றில் எது படத்துக்கு நல்லது என்று கேட்டால், நல்ல இணைய இணைப்பு உள்ள வீட்டில் ஓடிடி என்பேன். ஆனால் அதிலும் திட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸின் அடிப்படைத் திட்டம் 720பி தரத்தோடு நின்றுவிடுகிறது. 1080பி வேண்டுமானால் அதற்கு மேலுள்ள திட்டத்துக்கும், 4கே வேண்டுமானால் உச்சத் திட்டத்துக்கும் போக வேண்டும். 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும் என்று அந்நிறுவனமே பரிந்துரைக்கிறது. இன்றைய ஃபைபர் இணைப்புகளில் இந்த வேகம் வீட்டு வாசல்வரை எளிதாக வந்துவிடுகிறது. அங்கிருந்து டிவி வரைக்கும்தான் சிக்கல். இரண்டு சுவர்களைத் தாண்டி வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை நம்புவதைவிட, ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும், முடிந்தால் நேரடி லேன் ஒயரும் பயன்படுத்துவது நல்லது. நேரலைக் கிரிக்கெட்டுக்கு மட்டும் நான் டிடிஎச் பக்கம் நிற்பேன். ஓடிடியில் ஆட்டம் பல நொடிகள் பின்தங்கி வருவதால், விக்கெட் விழுந்த செய்தி பக்கத்து வீட்டுக் கூச்சலாக முன்கூட்டியே வந்துவிடும். அதே சமயம், டிடிஎச் பயன்படுத்தும் கேயு அலைவரிசையைக் கனமழை உறிஞ்சிவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்னல் அறுந்துபோவதையும் எதிர்பார்க்க வேண்டும்.

பழைய ஸ்மார்ட் டிவிகளில் செயலிகள் திறக்கவே தாமதமாகும். சில செயலிகள் புதுப்பிப்பு இல்லாமல் நின்றுபோயிருக்கும். இதற்காக டிவியையே மாற்றுவது அநாவசியம். நாலைந்தாயிரம் ரூபாயில் கிடைக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகினால் டிவியின் 'ஸ்மார்ட்' பகுதி மட்டும் புதிதாகிவிடும். பெயர் தெரியாத மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளைத் தவிர்க்க வேண்டும். முறையான பாதுகாப்புச் சான்று இல்லாத கருவிகளுக்கு ஓடிடி நிறுவனங்கள் எஸ்டி தரத்தை மட்டுமே அனுப்புகின்றன. பெட்டியின் மேல் 4கே என்று அச்சிட்டிருப்பதால் அது மாறிவிடாது.

காசு செலவில்லாத வழி

கடையில் டிவிகள் வரிசையாக, வெள்ளை விளக்குகளின் பேரொளியில் நிற்கின்றன. அந்தச் சூழலில் நீலம் கலந்த வெண்மையும் மிகையான நிறமும் உள்ள டிவியே கண்ணை இழுக்கும். அதற்காகத்தான் 'விவிட்', 'டைனமிக்' போன்ற பட வகைகள் உள்ளன. வீட்டுக்கு வந்த பிறகும் டிவி அதே நிலையில் கிடப்பதுதான் சிக்கல். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் நிறம் சேர்ப்பவர்கள் 6,500 கெல்வின் வெண்மையை அடிப்படையாகக் கொண்ட திரைகளில் வேலை செய்கிறார்கள். அந்த வெண்மைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலான டிவிகளில் 'சினிமா' அல்லது 'மூவி' என்ற வகையும், அதனுள் 'வார்ம்' என்ற நிறத் தேர்வும். 2019-இல் யுஎச்டி அலையன்ஸ் அமைப்பு அறிவித்த 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் இந்த வேலை ஒரே பொத்தானில் முடியும். மாற்றிய முதல் ஓரிரு நாட்களுக்குப் படம் மஞ்சளாகத் தெரியும். வீட்டில் எதிர்ப்பும் வரும். கண் பழகிய பின் பழைய வகைக்குத் திரும்பிப் பார்த்தால், முகங்கள் எல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் நிற்பது போல நீலம் பாரித்துத் தெரிவதை அவர்களே சொல்வார்கள்.

'ஷார்ப்னஸ்' என்பதை ஏற்றினால் தெளிவு கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது படத்தில் இல்லாத விவரத்தைக் கொண்டுவருவதில்லை. பொருள்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஒன்றைச் சேர்க்கிறது. செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளுக்கு அருகில் சென்று பாருங்கள். எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் போல ஒரு கோடு தெரிந்தால், அது மறையும்வரை ஷார்ப்னஸைக் குறைக்க வேண்டும். பல டிவிகளில் அது பூஜ்யத்திலோ அதற்குச் சற்று மேலோதான் முடியும்.

அதே ஓடும் எழுத்துகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 'கு', 'டு', 'மூ' போன்ற எழுத்துகளின் அடிச்சுழி திரைக்குக் கீழே வெட்டுப்பட்டு இருக்கிறதா? இருந்தால் உங்கள் டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. குழாய் டிவிக் காலத்தில் ஓரங்களில் வந்த குறைகளை மறைக்க ஏற்பட்ட இந்தப் பழக்கம் இன்றைய டிவிகளிலும் தொடர்கிறது. எழுத்து வெட்டுப்படுவது மட்டும் இதன் கேடு அன்று. படம் பெரிதாக்கப்படும்போது வந்த ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி என்ற நேர் பொருத்தம் குலைந்து, முழுப் படமும் மெல்லிய அளவில் மங்கிவிடுகிறது. 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் வைத்திருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அகலமாக இழுக்கப்பட்டு, நடிகர்கள் பருத்துத் தெரிந்தால், பாக்ஸின் மெனுவிலும் டிவியின் மெனுவிலும் பட அளவை அசல் விகிதத்துக்கு மாற்ற வேண்டும். இருபுறமும் கறுப்புப் பட்டை வருவது குறையன்று. அந்தப் படம் எடுக்கப்பட்ட வடிவம் அது.

திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. இடையிடையே டிவி தானே பிரேம்களை உண்டாக்கிச் செருகும் வசதி, படத்தை வழுவழுவென்று நாடகத் தொடர் போல மாற்றிவிடுகிறது. அதைத் திரைப்படத்துக்கு முற்றாக அணைத்துவிடலாம். கிரிக்கெட்டுக்குக் குறைந்த அளவில் வைத்துக்கொண்டால் பந்தின் பின்னால் வரும் இழுவை குறையும். 'பிரைட்னஸ்' என்ற பெயரில் பல டிவிகளில் இருப்பது உண்மையில் கறுப்பின் அளவு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவது 'பேக்லைட்'. பிரைட்னஸ் மிகக் குறைந்தால் இருட்டுக் காட்சியில் நடிகரின் தலைமுடி மைக்கறையாகத் திரண்டுவிடும். கூடினால் இரவு சாம்பல் நிறமாகும். முடியிழைகள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துவது எளிய வழி. இவை எல்லாவற்றையும் ஒருமுறை செய்தால் போதாது. டிவி ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனி அமைப்புகளை வைத்திருப்பது வழக்கம் என்பதால், செட்டாப் பாக்ஸுக்கு ஒருமுறை, ஸ்டிக்குக்கு ஒருமுறை, டிவியின் சொந்தச் செயலிகளுக்கு ஒருமுறை எனத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம்.

புது டிவி எப்போது நியாயம்?

நல்ல பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவு வரைதான் இரு புள்ளிகளைப் பிரித்தறிய முடியும் என்பது பொதுவான அளவுகோல். இதன்படி ஃபுல் எச்டி திரையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 3.2 மடங்கு தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால், புள்ளிகள் தனித்துத் தெரியாது. 43 அங்குல டிவிக்கு அந்தத் தூரம் ஐந்தரை அடி. நம் ஹால்களில் சோபா எட்டடி, பத்தடி தள்ளித்தான் கிடக்கிறது. பத்தடியில் உட்காருபவர் 4கேயின் கூடுதல் நுணுக்கத்தைக் காண வேண்டுமானால் திரை 75 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே 43 அங்குல ஃபுல் எச்டியைக் கொடுத்துவிட்டு அதே 43 அங்குலத்தில் 4கே வாங்குவது, நுணுக்கத்தைப் பொறுத்தவரை கண்ணுக்கு எட்டாத ஒன்றுக்குப் பணம் கொடுப்பதாகும். 55 அங்குலத்துக்குப் போனால் படம் பெரிதாகும், அதனால் காட்சியில் ஈடுபாடு கூடும். அது உண்மையான பலன். ஆனால் அந்தப் பலன் அளவினால் வருவது.

கண் எளிதில் உணர்வது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான மாறுபாட்டைத்தான். எல்சிடி டிவிகளில் ஐபிஎஸ் வகைத் திரையின் மாறுபாடு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். விஏ வகையில் மூவாயிரம், அதற்கு மேலும் கிடைக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்களுக்கு விஏ தரும் கறுப்பு மிகவும் பிடிக்கும். ஆனால் விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். பாட்டி பக்கவாட்டுத் திவானிலும், பிள்ளைகள் தரையிலும், மற்றவர்கள் சோபாவிலுமாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் ஐபிஎஸ் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே படத்தைக் காட்டும். இந்த வேறுபாட்டை விளம்பரத்தில் போட மாட்டார்கள். கடையில் திரைக்கு நேராக நின்று பார்த்துவிட்டு வராமல், வீட்டில் எங்கே உட்காருவோமோ அந்தக் கோணத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டின் நன்மையும் சேர்ந்தது ஓஎல்இடி. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், கோணமும் தடையில்லை. ஆனால் அதன் விலை நம் நாற்பதாயிரத்துக்கு வெகு தூரம். செய்திச் சேனலைக் காலை முதல் இரவு வரை ஓடவிடும் வீட்டில், அதன் நிலையான சின்னம் நாளடைவில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் அபாயமும் அதற்கு உண்டு. கியூஎல்இடி என்பது பெயரில் ஒத்திருந்தாலும் ஓஎல்இடி அன்று. நிறத்தை மேம்படுத்தும் குவாண்டம் டாட் படலம் சேர்த்த எல்சிடிதான். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் என்ற முத்திரையையும் அளந்து பார்க்க வேண்டும். எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) ஒளியைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்படுகின்றன. விலை குறைந்த டிவிகளால் 300 நிட்ஸை ஒட்டித்தான் ஒளிர முடிகிறது. அந்த டிவி எச்டிஆர் சிக்னலை ஏற்கும், ஆனால் எச்டிஆர் படத்தைக் காட்டாது; சில நேரம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகவே காட்டும்.

எனவே, 32 அங்குல எச்டி ரெடி (ஃபுல் எச்டியைவிடப் புள்ளிகள் குறைந்த) டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்கள், திரையில் கோடோ கறையோ விழுந்தவர்கள், பகல் வெயில் நேரே அடிக்கும் ஹாலில் படமே தெரியாமல் தவிப்பவர்கள் ஆகியோருக்குப் புது டிவி முதல் தேர்வாக இருக்கலாம். வெயில் பிரச்சினைக்குக்கூட முதலில் கனமான திரைச்சீலை ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அது ஒலிக்கும் உதவும்.

பணம் போக வேண்டிய இடம்

டிவிகள் மெலிய மெலிய அவற்றின் ஒலி கெட்டது. இரண்டு விரல் தடிமனுக்குள் பெரிய ஸ்பீக்கரை வைக்க இடமில்லை. விளிம்பில்லாத் திரை வந்த பிறகு முன்பக்கமும் இடமில்லை. சிறு ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ பேசுகின்றன. நம் காதுக்கு வருவது மேசையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒலி. வசனம் புரிவதற்கு ஆதாரமான மெய்யெழுத்துகளின் கூர்மை இந்தச் சுற்றுப் பயணத்தில்தான் தொலைகிறது. 'பட்டான்', 'பத்தான்' இரண்டும் ஒன்றாகக் கேட்டால் குறை உங்கள் காதில் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு காரணம் ஒலிக்கலவை. திரையரங்குக்காக ஆறு தடங்களில் கலந்த படத்தில் வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில் மட்டும் வருகிறது. பின்னணி இசையும் சத்தங்களும் மற்றவற்றில். டிவி இந்த ஆறையும் இரண்டாக மடக்கித் தன் இரண்டு ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும்போது வசனத்தின் மேல் இசை ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இதனால்தான் சீரியலில் தெளிவாகக் கேட்கும் டிவி திரைப்படத்தில் தடுமாறுகிறது. டிவியின் ஒலி மெனுவில் 'கிளியர் வாய்ஸ்' போன்ற தேர்வும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் 'நைட் மோட்' வசதியும் இருந்தால் முதலில் அவற்றைப் போட்டுப் பார்க்கலாம். ஓரளவு குறை தீரும்; முழுதாகத் தீராது.

ஒலிக்கருவிகளில் முதலில் ஒதுக்க வேண்டியது புளூடூத் ஸ்பீக்கர். பாட்டுக்கு அது நன்றாக இருக்கும். டிவிக்கு, ஒலி தாமதித்து வருவதால் உதட்டசைவு ஒருபுறம், சொல் ஒருபுறமாகப் போகும். அடுத்தது, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் அசெம்பிள் 5.1 (ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த அதிர்வொலிக்கு ஒரு வூஃபர்) ஆம்ப்ளிஃபையர்கள். கொடுத்த காசுக்கு இவ்வளவு சத்தம் வேறு எதிலும் வராது, பழுதுபார்ப்பதும் எளிது என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றில் பல, இரண்டு தட ஒலியை ஆறாகப் பிரித்துக் கொடுப்பவை. உண்மையான ஆறு தட ஒலியைப் பிரிக்கும் டிகோடர் போர்டு இருக்கிறதா, டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒலிக்கருவிக்குக் கொண்டுவரும் ஏஆர்சி வசதி இருக்கிறதா என்று கேட்டு, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வாட் கணக்கையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்சம்) என்று எழுதியிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்களுக்குப் பொருளில்லை. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய திறன், எவ்வளவு என்பதே கணக்கு. ஆர்எம்எஸ் வாட்டே இரட்டிப்பானாலும் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். 200 வாட் கருவிக்கும் 400 வாட் கருவிக்கும் இடையே காது உணரும் வேறுபாடு சிறியது.

பாட்டு கேட்பதே முதன்மை என்றால், ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் அலமாரியில் வைக்கும் அளவுள்ள இரண்டு நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் இதே பணத்தில் தரும் இசைக்கு, டிவிக்கு அடியில் வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் எதுவும் ஈடாகாது. வயலினின் நார், மிருதங்கத்தின் தொப்பி, குரலின் மூச்சு எல்லாம் தனித்தனியே நிற்கும். ஆனால் வசனம் நடுவிலிருந்து வருவது போன்ற உணர்வு, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் இருப்பவருக்குத்தான் கிடைக்கும். திவானில் இருக்கும் பாட்டிக்கு வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வரும். இந்தக் காரணத்தால்தான், குடும்பமாகச் சிதறி உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு, நடுவில் வசனத்துக்கென்றே தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 சவுண்ட்பாரை நான் பரிந்துரைக்கிறேன். கடைகளில் அதிகம் காட்டப்படுவது நடு ஸ்பீக்கர் இல்லாத 2.1; பெட்டியில் வூஃபர் பெரிதாக இருக்கும், அடி பலமாக விழும், ஆனால் நாம் தேடி வந்த வசனத் தெளிவு அதில் பாதிதான் கிடைக்கும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போன்ற உணர்வைத் தரும் டால்பி நிறுவனத்தின் அட்மாஸ் என்ற பெயரோடு வரும் சவுண்ட்பார்களில், மேல்நோக்கிய ஸ்பீக்கர்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் அவை ஒலியைக் கூரையில் அடித்துத் திருப்பித்தான் மேலிருந்து வருவது போலக் காட்டுகின்றன. தட்டையான கான்கிரீட் தளத்தில் இது நடக்கும். ஓட்டு வீட்டிலும் சாய்ந்த கூரையிலும் நடக்காது.

வாங்கிய கருவியை இணைப்பதில் பலருடைய பணம் வீணாகிறது. டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒன்றல்ல. ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய துளையில்தான் சவுண்ட்பாரை மாட்ட வேண்டும். அதோடு, இணைத்த கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசி என்ற வசதியை டிவியின் மெனுவில் இயக்கவும் வேண்டும்; சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. அடுத்து டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தால், பல டிவிகளில் ஆறு தட ஒலி இரண்டாகச் சுருங்கியே சவுண்ட்பாருக்குப் போகும். அதை 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்ற வேண்டும். செட்டாப் பாக்ஸின் ஒலி மெனுவிலும் டால்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஆர்சி இல்லாத பழைய டிவியில் ஆப்டிகல் ஒயர் போதுமானது. சாதாரண 5.1 டால்பி டிஜிட்டல் அதில் வரும். ஓடிடியின் அட்மாஸ் வராது.

நம் ஹால்களின் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவர்களும் எந்த ஸ்பீக்கரையும் கெடுத்துவிடும். கை தட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின் கணீரென்று ஓர் எதிரொலி நீடித்தால், அதே எதிரொலி ஒவ்வொரு சொல்லின் மேலும் படிந்துகொண்டிருக்கிறது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தடித்த பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டால், விலை உயர்ந்த சவுண்ட்பாருக்குப் போவதைவிட வசனம் தெளியும். வூஃபரை மூலையில் தள்ளினால் அதிர்வு கூடும், கூடவே கும்மென்ற குழப்பமும் கூடும். மூலையிலிருந்து இரண்டு அடி வெளியே இழுத்து, ஒரு பாட்டை ஓடவிட்டு இடத்தை முடிவு செய்யலாம். அடுக்குமாடியில் மேல் தளத்தில் இருப்பவர்கள் வூஃபரின் அடியில் தடித்த ரப்பர் பாய் போடுவது கீழ்வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

ஏவி ரிசீவரும் (ஆறு தட ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஐந்து தனி ஸ்பீக்கர்களும் கொண்ட முழு அமைப்பு சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு நாற்பதாயிரம் தொடக்கத் தொகை மட்டுமே. சுவருக்குள் ஒயர் இழுக்கச் சொந்த வீடும் வேண்டும். பின்பக்க ஸ்பீக்கர்கள் உட்காருபவரின் காதுக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் நிற்க வேண்டும். சோபாவின் முதுகு சுவரை ஒட்டிக் கிடக்கும் ஹாலில் அதற்கு இடமே இருக்காது. சோபாவை மூன்றடி முன்னே இழுக்க வீட்டார் சம்மதிப்பார்களா என்று முதலில் கேட்டுவிட வேண்டும். சம்மதம் கிடைக்காத வீட்டில், எச்டி பாக்ஸுக்கும் ஸ்டிக்குக்கும் ஆறேழாயிரம், 3.1 சவுண்ட்பாருக்கு இருபதாயிரத்தை ஒட்டி, ஜமக்காளத்துக்கும் திரைச்சீலைக்கும் சில ஆயிரம் என்று செலவழித்துவிட்டு, மிச்சத்தை இப்போதைய டிவி பழுதாகும் நாளுக்கென்று வங்கியில் போட்டு வைக்கலாம்.